தலைநகரில் தங்குமிடம்



கொழும்புக்குப் போக வேண்டிய தேவை நம்மவரிற் பலருக்கு ஆண்டில் ஒரு முறையாவது ஏற்பட்டுவிடுகின்றது. ஒருவருக்கு வைத்தியரைக் காண வேண்டும். மற்றொருவருக்குத் தூதரகத்தில் ஒப்படைக்கப் பத்திரம் இருக்கும். இன்னொருவர் நேர்முகப் பரீட்சைக்காகப் புறப்படுவார். புறப்படும்பொழுது பயணச் சீட்டைப் பற்றிப் பல நாள் யோசிக்கின்றோம். பத்திரங்களை ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணிப் பார்க்கின்றோம். வழிக்கு வேண்டிய பலகாரத்தையும் மறப்பதில்லை. ஆனால் அன்றிரவு எங்கே தலை சாய்ப்பது என்ற கேள்விக்கு மட்டும், "அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம்" என்று விடை சொல்லிவிடுகின்றோம். அந்த ஒரு விடைக்கு நான் கொடுத்த விலையைச் சொல்லி, அதிலிருந்து கற்றுக்கொண்டவற்றையும் உங்களுக்கு எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

நான் வடபுலத்துக் கிராமப் பாடசாலை ஒன்றின் அதிபர். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மாணவியர் இருவர் தமிழ் மொழித் தினப் போட்டிகளில் மாகாண மட்டத்தில் வெற்றி பெற்று, அகில இலங்கைப் போட்டிக்காகக் கொழும்புக்குச் செல்லத் தெரிவாயினர். ஒருத்தி பேச்சுப் போட்டிக்கு, மற்றவள் பாவோதலுக்கு. ஓர் ஆசிரியையையும் அழைத்துக்கொண்டு நானே உடன் சென்றேன். பாடசாலையின் கையிருப்பு அற்பம். பெற்றோர் தந்த பணமோ அதனினும் அற்பம். ஆதலால் புறக்கோட்டைப் பேருந்து நிலையத்தின் அருகே, யாரோ சொன்ன மிக மலிவான ஒரு விடுதியில் இரண்டு அறைகளைத் தொலைபேசியிலேயே ஒழுங்கு செய்தேன். நேரிற் பார்க்கவும் இல்லை; பார்த்தவரிடம் விசாரிக்கவும் இல்லை.

அன்றிரவு நடந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்கே அறைகள் மணித்தியாலக் கணக்கிலும் கொடுக்கப்படுகின்றன என்பது மாடிப்படியில் ஏறி இறங்கியவர்களைக் கண்ட பின்னரே எனக்கு விளங்கிற்று. பிள்ளைகளின் அறைக் கதவின் தாழ்ப்பாள் இறுகவில்லை. அந்த ஆசிரியை பயணப் பெட்டியைக் கதவிற்கு அண்டை கொடுத்து, அதன்மேல் விடியும்வரை அமர்ந்திருந்தார். நான் வெளியே நடையில் ஒரு நாற்காலியிற் குந்தியிருந்தேன். மறுநாள் மேடையில் அந்த மாணவி அழகாகத் தொடங்கினாள். மூன்றாம் நிமிடத்தில் நின்றாள். பின்பு தொடரவே இல்லை. திரும்பி வரும்போது அவள் என்னிடம், "சேர், பேச்சு மறக்கேல்லை, கண் சொருகிப் போட்டுது" என்றாள். நான் அன்று மிச்சம் பிடித்தது இரண்டாயிரம் ரூபா. இழந்தது ஒரு பிள்ளையின் ஓராண்டு உழைப்பு. இக்கணக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை.

நேயர்களே, விடுதி தேடும் இந்தக் கவலை நம் முன்னோர்க்கு இருந்ததில்லை. 1905 ஆம் ஆண்டு வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்ற பின்னர், எழுதுவினைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் கொழும்புக்குச் சென்ற நம்மவர் பலர். மணமாகாதோர் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரையும் வைத்துக்கொண்டு வாழ்ந்தனர். அதனைச் 'சமறி' என்று அழைத்தனர். மணமானோர் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியமர்ந்தனர். ஊரிலிருந்து போகிறவருக்கு ஒரு மாமா வீடோ, ஒரு சின்னம்மா வீடோ அங்கே கட்டாயம் இருக்கும். ஒரு பை முருங்கைக்காயும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் கொண்டு போனால் ஒரு கிழமை தங்கலாம். அதுவே அந்நாளைய வாடகை.

1982 ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, தந்தையாருடன் யாழ்தேவியில் ஏறி முதன்முதலாகக் கொழும்பைக் கண்டேன். வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், பெரியப்பா வீட்டு விறாந்தையிற் பாய் விரித்துப் படுத்தோம். அலையோசையும், இடையிடையே கரையோரப் புகையிரதத்தின் ஓசையும் கேட்டன. மறு ஆண்டு, 1983 ஜூலையில், அந்த ஒழுங்கையில் வீடுகள் எரிந்தன. பெரியப்பா குடும்பத்தினர் கப்பலேறி ஊருக்கு வந்து, பின்பு கடல் கடந்து போயினர். இவ்வாறே எத்தனையோ குடும்பங்கள் சென்றன. ஊரவர் கொழும்புக்குப் போகும் தேவை மட்டும் குறையவில்லை, கூடிற்று. வரவேற்க உறவினர் இல்லாத நகரத்திலே, அந்த இடத்தை நிரப்ப வந்தவையே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களிற் பெருகிய 'லொட்ஜ்' எனப்படும் தங்கு விடுதிகள்.

போர்க் காலத்தில் இவ்விடுதிகளில் தங்கியோர் உல்லாசப் பயணிகள் அல்லர். வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தோர், நோயாளர், வேலை தேடி வந்த இளைஞர், 2006 ஆம் ஆண்டு ஏ9 பாதை மூடப்பட்டதால் ஊர் திரும்ப வழியின்றி நின்றோர் எனப் பலரும் மாதக்கணக்கில் அங்கே இருந்தனர். வடக்குக் கிழக்கிலிருந்து வந்தோர் பொலிசாரிடம் பதிய வேண்டியிருந்தது. எதற்காக வந்தீர், எத்தனை நாள் இருப்பீர் என்ற வினாக்களுக்கு விடை கூற வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் இவ்விடுதிகளிலிருந்து 370 பேருக்கு மேற்பட்டோர் எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்து அதனை நிறுத்திற்று. அன்றைய பிரதமரும் நிகழ்ந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். பழைய புண்ணைக் கிளறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. நம்மவருள் மூத்தோர் சிலர் இன்றும் விடுதிப் பதிவேட்டில் பெயரெழுதும்போது கை நடுங்குகின்றனர். அவர்களை அழைத்துச் செல்லும் இளையோர் அந்த நடுக்கத்தின் காரணத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, இக்காலத்தில் தங்குமிடத்தைத் தெரிவு செய்வது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்த விடுதி மலிவு?' என்பதன்று, 'என் அலுவல் எங்கே?' என்பதாகும். கொழும்பு, ஒன்று முதல் பதினைந்து வரை இலக்கமிடப்பட்ட அஞ்சல் வட்டாரங்களாக வகுக்கப்பட்டுள்ளது. கோட்டை முதலாம் வட்டாரம், கொள்ளுப்பிட்டி மூன்று, பம்பலப்பிட்டி நான்கு, வெள்ளவத்தை ஆறு, பொரளை எட்டு, புறக்கோட்டை பதினொன்று, கொட்டாஞ்சேனை பதின்மூன்று. ஒரு முகவரியின் இறுதியில் வரும் இவ்விலக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில், உங்கள் அலுவல் நகரின் எந்தப் பக்கத்தில் என்பது தெரிந்துவிடும். ஆயினும், கல்வி அமைச்சு அமைந்துள்ள இசுருபாய, பரீட்சைத் திணைக்களம், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமைக் காரியாலயம் ஆகியன இந்தப் பதினைந்து வட்டாரங்களுக்கும் வெளியே, பத்தரமுல்லைப் பகுதியில் இருக்கின்றன. 'கொழும்பில் அலுவல்' என்று நாம் சொல்வதிற் பாதி உண்மையிற் கொழும்பிலே இல்லை.

கொட்டாஞ்சேனை நகரின் வடபால், துறைமுகத்தை அண்டியுள்ளது. புறக்கோட்டைப் பேருந்து நிலையங்களுக்கும் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கும் அணித்தானது. மொத்த வியாபாரிகளிடம் சரக்கெடுக்க வருவோர், செட்டியார் தெருவில் நகை வாங்குவோர், புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்குள்ளோர், மட்டக்களப்பு அல்லது மலையகப் பேருந்தில் வந்து மறுநாளே திரும்புவோர் ஆகியோருக்கு இதுவே வசதி. முதலியார் பொன்னம்பலம் தொடங்கி, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம், புனித லூசியாள் பேராலயம் யாவும் நடை தூரத்தில் உள்ளன. தமிழும் சிங்களமும் ஒரே கடையில் ஒலிக்கும் இடம் அது. குறை யாதெனில், வீதிகள் ஒடுக்கமானவை; பாரவூர்திகளின் இரைச்சல் மிகுதி. யூன் 13 ஆம் திகதி அந்தோனியார் திருவிழாவை ஒட்டிய நாட்களிற் போவோர், அறையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளல் நன்று.

வெள்ளவத்தை, கோட்டையிலிருந்து தெற்கே ஏழெட்டுக் கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. காலி வீதி முதுகெலும்பு போல நடுவே செல்ல, அதன் இரு மருங்கும் ஒழுங்கைகள் பிரிகின்றன. மேற்கே இறங்கும் ஒழுங்கைகள் புகையிரதப் பாதையையும் கடலையும் நோக்கிச் செல்லும். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் தனியார் இரவுப் பேருந்துகள் பல இங்கேயே வந்து நிற்பதால், வைகறையிற் பொதியுடன் அலைய வேண்டியதில்லை. சைவக் கடைகள் பல உள. இராமகிருஷ்ண மிஷனும், 1942 ஆம் ஆண்டு தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும், அதன் நூல்நிலையமும் இங்கே உள்ளன. பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு மாலைப் பொழுதை அந்நூல்நிலையத்திற் செலவிடலாம். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கத்து அலுவல்களுக்கும், காலி வீதியிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கும் இங்கிருந்து போவது சுலபம். ஆனால் வாடகை கொட்டாஞ்சேனையை விடக் கூடுதலாயிருப்பது வழக்கம். காலி வீதியை நோக்கிய அறையில் உறக்கம் வராது. கடலோர அறையில் முதற் புகையிரதம் உங்களை எழுப்பிவிடும். ஒழுங்கையின் நடுப்பகுதியில் அமைந்த விடுதியே சிறந்தது. ஆடிவேல் விழாக் காலத்தில், செட்டியார் தெருவுக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையே தேர் வரும் நாட்களில், போக்குவரத்துத் தடைப்படும் என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்விரண்டும் நம்மவர் நன்கறிந்த இடங்கள். அறிந்த இடத்தை நாடுவது இயல்பே. எனினும், அந்த இயல்பே சில வேளை நமக்கு இடராகின்றது. இதற்கும் என் அனுபவத்தையே சொல்கின்றேன்.

2011 ஆம் ஆண்டு என் தங்கைக்கு மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையிற் கதிர்ச் சிகிச்சை தொடங்கிற்று. இன்று அபேக்ஷா வைத்தியசாலை என வழங்குவது அதுவே. ஆறு கிழமைகள், கிழமைக்கு ஐந்து நாட்கள் போக வேண்டும் என்றனர். நான் சற்றும் யோசியாமல் வெள்ளவத்தையில் அறை எடுத்தேன். தமிழ் பேசும் இடம், சைவச் சாப்பாடு, அயலில் கோயில். வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன். ஆனால் நாள்தோறும் பாமன்கடை வழியாகக் கிருலப்பனை சென்று, அங்கே 138 ஆம் இலக்கப் பேருந்துக்கு நின்று, நெரிசலில் மஹரகமவுக்குப் போய் வர வேண்டியிருந்தது. இரண்டாவது கிழமையிலேயே தங்கை தளர்ந்துவிட்டாள். பேருந்தில் ஒரு நாள் மயங்கியும் விழுந்தாள். வைத்தியசாலைத் தாதி ஒருவர் என்னைப் பார்த்து, "இவ்வளவு தூரம் ஏன் போகிறீர்கள்? பக்கத்திலே வீடுகளில் அறை கொடுக்கிறார்களே" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியும். வாய் திறந்து சொல்லத்தான் வெட்கமாயிருந்தது. அறியாத இடம், தெரியாத மொழி, 1983 இன் நினைவு: இவையே காரணம். தாதி காட்டிய வீட்டில் ஒரு சிங்கள மூதாட்டி தனியே இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அரைகுறைச் சிங்களம். தங்கையை 'நங்கி' என்று அழைத்தார். உறைப்பில்லாத கஞ்சி வைத்துக் கொடுத்தார். எஞ்சிய நான்கு கிழமையும் வைத்தியசாலைக்குப் பத்து நிமிட நடையில் இருந்தோம். விடைபெற்ற நாளில் அவர் கடைசிக் கிழமை வாடகையை வாங்க மறுத்துவிட்டார். தங்கை இன்று நலமாக இருக்கின்றாள். ஒவ்வோர் ஆண்டும் மாம்பழக் காலத்தில் அவ்வீட்டுக்கு ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் அனுப்புகின்றோம்.

ஆகவே, நல்ல அயல் எது என்ற கேள்விக்கு நான் இன்று கூறும் விடை இது: அலுவலுக்குக் கிட்டியதாய், இரவு ஒன்பது மணிக்குப் பின்னும் வீதியிற் பெண்களும் குழந்தைகளும் நடமாடுவதாய், அவசரத்துக்கு ஒரு மருந்துக் கடையும் ஒரு சாப்பாட்டுக் கடையும் உடையதாய் இருக்கும் இடமே நல்ல அயல். நம் மொழி வழங்குவது அதற்கு மேலும் ஒரு நன்மை. அது இல்லையென்பதால் மட்டும் ஓர் இடத்தை ஒதுக்கிவிடலாகாது. முதியோர் தனித்துச் செல்லும்போது மொழியே முதன்மை பெறும். நோயாளர்க்குத் தூரமே முதன்மை. யாருக்காகப் போகின்றோம் என்பதைப் பொறுத்து இவ்வரிசை மாறும்.

அடுத்து, செலவைக் கணக்கிடும் முறை. வாடகையை மட்டும் பார்ப்பது தவறு. உதாரணமாக, தொலைவிலுள்ள அறை நாளொன்றுக்கு 4,000 ரூபா, வைத்தியசாலைக்கு அருகிலுள்ளது 5,500 ரூபா என்று கொள்வோம். மூன்று நாளைக்கு 4,500 ரூபா மிச்சம் என்று மகிழ்வீர்கள். ஆனால் நோயாளியை முச்சக்கர வண்டியில் கொண்டுசெல்ல ஒரு வழிக்கு 900 ரூபா ஆகுமாயின், போக வர மூன்று நாளைக்கு 5,400 ரூபா. மிச்சம் போய் 900 ரூபா நட்டமாகிவிட்டது. களைப்புக்கு யாரும் விலை போடுவதில்லை. எனவே, வாடகை, போக்குவரத்து, உணவு ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே மலிவு எது என்று தீர்மானிக்க வேண்டும். சமைக்க ஓர் அடுப்பு உள்ள அறையாயின், ஒரு கிழமைக்கு மேல் தங்குவோர்க்கு உணவுச் செலவிற் பெரும்பகுதி குறையும்.

அறையை ஒப்புக்கொள்ளும் முன்பு சிலவற்றைக் கூச்சமின்றிக் கேளுங்கள். வாடகை ஆளுக்கா, அறைக்கா? நாள் என்பது இருபத்துநான்கு மணித்தியாலமா, அல்லது மதியத்துடன் முடிவதா? இரவுப் பேருந்தில் வருவோர் அதிகாலை நான்கு மணிக்கு இறங்குவர். அப்பொழுது கதவு திறப்பார்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டுத் தருவார்களா? குளிரூட்டியைப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே வாடகையா? அங்கே சென்றதும், பணம் கொடுக்குமுன் அறையைப் பாருங்கள். தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். யன்னலில் நுளம்பு வலை உண்டா, மாடிப்படி முதியோர் ஏறத்தக்கதா, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா என்று கவனியுங்கள். மணித்தியாலக் கணக்கில் அறை கொடுக்கும் இடமா என்பதை எதிரிலுள்ள தேநீர்க் கடையில் விசாரித்தாலே தெரிந்துவிடும். இணையத்திலே காணும் படங்களை மட்டும் நம்பிப் பணம் முழுவதையும் அனுப்பிவிடாதீர்கள். அண்மையில் அங்கே தங்கிய ஒருவரது வாய்மொழி, பத்துப் படங்களுக்குச் சமம்.

தேசிய அடையாள அட்டையை எப்பொழுதும் உடன் கொண்டு செல்லுங்கள். விடுதியார் அதனைப் பார்த்து விவரம் பதிவது இப்பொழுது எல்லாருக்கும் உரிய நடைமுறை. ஒரு சாராரைக் குறித்ததன்று. ஆனால் அட்டையையே வாங்கி வைத்துக்கொள்ள முற்பட்டால், பிரதி ஒன்றைக் கொடுத்து அட்டையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். விடுதியின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, உடன் வரும் முதியவரின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். கைபேசியின் மின்கலம் தீர்ந்துபோகும்; தாள் தீர்ந்துபோகாது.

இறுதியாக, என் மாணவியின் கதையை முடிக்க வேண்டும். மறு ஆண்டும் அவள் மாகாணத்தில் முதலிடம் பெற்றாள். இம்முறை இரண்டு மாதங்களுக்கு முன்பே, வேறோர் அலுவலாகக் கொழும்புக்குப் போன எங்கள் ஆசிரியை, வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையின் நடுவே ஒரு குடும்பம் நடத்தும் சிறு விடுதியை நேரிற் பார்த்து வந்தார். வாடகை கூடுதல்தான். பழைய மாணவர்களிடம் மனந்திறந்து கேட்டேன். குறைந்த பணத்தை அவர்கள் தந்தனர். பிள்ளைகள் மாலையிற் கடற்காற்று வாங்கினர். இடியப்பமும் சொதியும் உண்டனர். ஒன்பது மணிக்கு உறங்கினர். ஆசிரியையும் உறங்கினார். மறுநாள் அந்த மாணவிக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் அன்றுதான், ஆயினும் இடையில் நிற்கவில்லை.

நேயர்களே, மாமா வீடும் சின்னம்மா வீடும் இருந்த கொழும்பு இனித் திரும்பி வருமோ, அறியேன். ஆயினும், ஒரு நல்ல அறையை விசாரித்து அறிந்தவர் அதன் விவரத்தை அடுத்துப் போகிறவருக்குச் சொல்லிக் கொடுத்தால், அதுவும் ஒருவகை உறவே. உங்கள் பாடசாலையிலோ, சனசமூக நிலையத்திலோ ஒரு குறிப்பேட்டை வையுங்கள். போய் வந்தவர் தாம் தங்கிய இடத்தின் நன்மை தீமைகளை நான்கு வரிகளில் எழுதட்டும். எங்கள் பாடசாலைக் காரியாலயத்தில் அத்தகைய குறிப்பேடு ஒன்று இருக்கின்றது. அதன் முதற் பக்கத்தில், எங்கே தங்கக் கூடாது என்பதை என் கையாலேயே எழுதி வைத்துள்ளேன்.